ஒரு பித்தளைக் கூடு போதும்

ப்யூட், மொன்டானா
18 நவம்பர் 1957

அன்புள்ள மச்சான் காஸ்பருக்கு,

எமில் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நலம். நலம் என்றால், அவள் நலம். நான் அவள் அனுமதிக்கிற அளவுக்கு நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பென்சில்வேனியாவில் குளிர் தொடங்கியிருக்குமே. பட்டறைத் தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்று வேலை செய் என்று எத்தனை தடவை சொல்வது.

போன வாரம் டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரொம்ப வருஷம் சுரங்கத்துக்குள்ள இருந்தீங்களோ?" என்றார். "ஆமா டாக்டர், மேல யாரும் வேலை குடுக்கல" என்றேன். சிரிக்கவில்லை. பைப் பிடிக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, குளிர்காற்றில் வெளியே போகவே கூடாது என்று அடுக்கினார். "மூச்சு விடலாமா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. தூசியெல்லாம் உள்ளே போய்க் கல்லாகிவிட்டதாம். அது இனி வெளியே வராதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை செய்த காரியத்தைக் கேள். பழைய பித்தளை வாங்குகிறவன் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டைக் கெட்டில், உடைந்த மெழுகுவத்தித் தண்டு, அதோடு கொட்டகையில் இருந்த என் புகையிலை டப்பாக்களையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்தது என்ன தெரியுமா? நம் 'மாமியார்' தோட்டாக் கூடுகள், எல்லாமே! கூட்டை வைத்து அமுக்கி வடிவாக்குகிற டைகளும் அவற்றோடு போயின. கேட்டால், "பித்தளைன்னுதான் குடுத்தேன்" என்கிறாள். பித்தளைதான், இல்லையென்று நான் எப்படிச் சொல்வது?

என் துப்பாக்கியில் தோட்டா போய் உட்காருகிற அறையை நீதான் வெட்டினாய். அந்த அறைக்குப் பொருந்துகிற தோட்டா உலகத்தில் வேறெங்கும் இல்லை. கடைக்குப் போய், "இருபத்தெட்டு மாமியார் ஒரு பெட்டி குடுங்க" என்றா கேட்பேன்? உன் அம்மாவை மனதில் வைத்து அந்தப் பெயரை வைத்தேன் என்று தெரிந்ததும் அவர் எனக்கு ஒரு மாதம் சூப் ஊற்றவில்லை. சத்தம் பெரிது, குறி தப்பாது என்று பாராட்டாகத்தானே வைத்தேன்!

உன்னிடம் அந்த அறையை வெட்டிய ரீமர் இருக்கிறது, இன்னொரு ஜோடி டையும் இருக்கிறது. கடையில் கிடைக்கிற முப்பத்திரண்டு-நாற்பது கூடு ஒன்றை எடுத்து, கழுத்தை இறுக்கி, நம் அளவுக்குக் கொண்டுவந்து அனுப்பு. ஒன்றே ஒன்று போதும். ஈயக் குண்டும் வெடிமருந்தும் இங்கே இருக்கின்றன. காரணம் கேட்காதே.

கீழே தெக்லாவுக்கு இடம் விட்டிருக்கிறேன். விடாவிட்டால் ஓரத்திலாவது எழுதுவாள்.

உன் மாப்பிள்ளை,
எமில்

அண்ணா, இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. வேறு விசேஷம் இல்லை. தெக்லா.


ப்யூட்
20 நவம்பர் 1957

அன்புள்ள அண்ணா,

இது அவருக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம். பதிலை வீட்டுக்கு எழுதாதே. நான் இறைச்சி வைத்த பேஸ்டி சுடப் போகிற கடைக்கு என் பெயரிலேயே எழுது. முதலாளியம்மா என்னிடம் பத்திரமாகக் கொடுப்பாள்.

பித்தளைக்காரன் யாரும் வரவில்லை, அண்ணா. நான்தான் எடுத்துக்கொண்டு போய்ச் சுரங்கக் கழிவுநீர்க் குட்டையில் எறிந்தேன்.

காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கொட்டகைக்குப் போனேன். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டப்பா திறந்திருந்தது. மேஜை மேல் ஒரே ஒரு தோட்டா, மருந்து போட்டு ஈயம் வைத்து நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "சும்மா தொடச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார். கையில் துணி இல்லை, அண்ணா. எண்ணெய்ப் புட்டி இல்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. "கஞ்சி ஆறிடும், வாங்க" என்றேன். எழுந்து வந்து சாப்பிட்டார். கிண்டல்கூடச் செய்தார். அப்புறம் அவர் தூங்கும்போதுதான் டப்பாக்களையும் மேஜை மேல் இருந்த அந்தத் தோட்டாவையும் தூக்கிக்கொண்டு போனேன்.

மான் சுடுகிற துப்பாக்கியை அவர் நடக்க முடியாமல் போனபோதே விற்றுவிட்டோம். மிச்சம் இது ஒன்றுதான். இதைச் சுவரிலிருந்து எடுத்தால் அன்றைக்கே செத்துப்போவார். ஆனால் தோட்டா இல்லையென்றால் இது வெறும் இரும்புக் குழாய் என்று நீதானே ஒரு தடவை சொன்னாய். கடையில் வாங்க முடியாது, வேறு யாராலும் செய்ய முடியாது, உன்னால் மட்டும்தான் முடியும். அந்த நினைப்பில்தான் நான் கொஞ்சம் தூங்குகிறேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். ஒன்றே ஒன்று. ஒன்று எதற்கு, அண்ணா? பெட்டி நிறையக் கேட்டிருந்தால்கூட நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன், அனுப்பாதே.

தெக்லா


யார்க், பென்சில்வேனியா
1 டிசம்பர் 1957

என் அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று லேத்தைத் தொடவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஒன்று போதும்' என்பதைப் பார்த்து நீ பயப்பட வேண்டியதில்லை. வட்டக்குறி சுடுகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். ஒரே கூட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுடுவோம். சுட்டதும் அங்கேயே மேஜையில் வைத்து அடியில் இருக்கிற வெடிக் கேப்பை மாற்றி, மருந்து போட்டு, அதையே மறுபடி உள்ளே தள்ளுவோம். அறையோடு பழகிய கூடு குறி தவறாது. நான் ப்யூட்டில் இருந்தபோது எமிலும் நானும் துப்பாக்கிக் கிளப்பில் ஒரு கூட்டை ஒரு கோடை முழுக்க வைத்துச் சுட்டிருக்கிறோம். அவன் ஒன்று கேட்டது பழக்கத்தில் கேட்டதாக இருக்கும்.

இப்படி எழுதி மடித்து உறையில் போட்டேன். பிறகு திறந்து மறுபடியும் எழுதுகிறேன். ஏனென்றால், அவன் இனிமேல் கிளப்புக்குப் போக முடியாதே. குளிர்காற்றே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே. சுட இடமில்லாதவனுக்குக் கூடு எதற்கு? காரணம் கேட்காதே என்று ஏன் எழுதினான்? வேறு எதையும் அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாத பயல் அவன். உன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டதைக்கூட என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உன்னிடம் சொன்னான்.

நீ அவன் முகத்தைப் பார்த்தவள். நான் பார்க்கவில்லை. அனுப்ப மாட்டேன், தெக்லா. ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். நீ சாப்பிடு, தூங்கு.

உன் அண்ணன்,
காஸ்பர்


யார்க்
2 டிசம்பர் 1957

மாப்பிள்ளை எமிலுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொல்வதைக் கேள், அவரைச் சிரிக்க வைக்கிற வேலையை விடு.

கூடு விஷயம். ரீமரை ஓஹையோவில் ஒருத்தன் இரவல் வாங்கிப் போனான், திருப்பித் தரவில்லை. டையில் துருப் பிடித்துவிட்டது. கொஞ்சம் பொறு. வசந்தத்தில் பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தெக்லாவின் பித்தளைக் கெட்டிலுக்கு என் அனுதாபங்கள்.

காஸ்பர்


ப்யூட்
23 ஜனவரி 1958

அன்புள்ள மச்சானுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். எனக்கு எப்படி என்று கேட்டால், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்க்கிறேன். தெரு என்னைப் பார்க்கிறது. கிளப் பையன் பென்னோ தினமும் வந்து சீட்டாடுகிறான். தோற்கிறான். வேண்டுமென்றே தோற்கிறானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவன் அவ்வளவு நல்லவன் இல்லை.

உன் டை துருப் பிடித்ததாம்! உன் பட்டறையில் துரு! ஒரு துளி வியர்வை பட்டாலே என் கையில் அடிப்பாயே. சரி, வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். இதோடு ஒரு சிறிய மரப்பெட்டி வருகிறது. பஞ்சைப் பிரித்துப் பார். கந்தகத்தை உருக்கி, துப்பாக்கி அறைக்குள் ஊற்றி, ஆறவிட்டுத் தள்ளி எடுத்தேன். உன் அறை அப்படியே மஞ்சளாக வந்து நிற்கிறது. கழுத்து, அதற்குக் கீழே சரிகிற தோள், எல்லாம். நீ வெட்டியபோது ரீமர் ஓர் இடத்தில் லேசாகக் கீறியதே, அந்தக் கீறல்கூட இருக்கிறது. இதை அளந்து புது டை செய்துகொள். ரீமர் வேண்டாம், ஓஹையோக்காரனும் வேண்டாம்.

கந்தகப் புகை எனக்கு ஆகவில்லை. நெஞ்சைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். தெக்லா, "வீட்டுக்குள்ள நரகத்தை கொண்டாந்துட்டீங்களே, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினாள். கத்தியபடியே முதுகைத் தடவிவிட்டாள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று, மச்சான். உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

எமில்

அண்ணா, நலம். அவர் இருமல் குறையவில்லை. நீ மறந்துவிடாதே. தெக்லா.


யார்க்
14 மார்ச் 1958

மாப்பிள்ளை எமிலுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கந்தக அச்சு உடையாமல் வந்து சேர்ந்தது. நல்ல வேலை. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டை செய்து கூடும் செய்துவிட்டேன். இதோடு வருகிறது. என் கண் முன்பு மாதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தெக்லாவைக் கத்த வைக்காதே.

காஸ்பர்


ப்யூட்
4 ஏப்ரல் 1958

மச்சான்,

நலம், நலம், எல்லாரும் நலம். சண்டைக்கு வருகிறேன்.

உன் கூடு உள்ளே போகிறது, லீவர் மூட மறுக்கிறது. முக்கால்வாசி வந்து நின்றுவிடுகிறது. மெழுகுவத்திப் புகையில் கூட்டைக் கறுப்பாக்கி உள்ளே தள்ளிப் பார்த்தேன். தோளில் மட்டும் கறுப்பு அழிந்திருக்கிறது. தோள் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது, கிழவா. ஒரே ஒரு மயிரிழை. என் லேத் இருந்திருந்தால் நானே சரி செய்துகொள்வேன். அதையும் விற்றுவிட்டேன், விற்காவிட்டாலும் அதன் முன்னால் நிற்க மூச்சு இல்லை.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியை மாற்று. வேறொன்று செய்து அனுப்பு. மே மாதக் கடைசிக்குள் என் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் வராத மாதிரிதான்.

எமில்

அண்ணா, உன் கண்ணுக்கு என்ன? தெக்லா.


யார்க்
12 ஏப்ரல் 1958

அன்புத் தங்கைக்கு,

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டை வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன். அச்சையே அனுப்பிவிட்ட பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வேன்? மாட்டேன் என்றால் வேறு யாரையாவது தேடிப் பிடிப்பான். அதனால் தோளை ஒரு மயிரிழை முன்னால் விட்டேன். என்னிடம் அறை வெட்டிக்கொண்ட யாருக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. முதல் தடவை எமிலுக்கே செய்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பாய், அந்தக் கூட்டைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது.

ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. மே கடைசிக்குள் என்று எழுதியிருக்கிறானே. மே கடைசி ஞாயிறுதான் கிளப்பில் சுடும் நாள். ஜெயித்தவனுக்குப் பன்றித் தொடை கொடுப்பார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், எமில் கொண்டுவந்த தொடைகளை அம்மா புகை போட்டு வருஷம் முழுக்க வைத்திருப்பாள். அவன் மனசில் இருப்பது அதுதானோ? அதுவாக மட்டும் இருந்தால் நாம் செய்வது பெரிய பாவம், தெக்லா.

அவனிடமே பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார். நீ என்ன எழுதுகிறாயோ அதன்படி செய்கிறேன். அதுவரைக்கும் பட்டறையில் அந்தக் கூட்டைத் தொட மாட்டேன்.

காஸ்பர்


ப்யூட்
23 ஏப்ரல் 1958

அண்ணா,

கேட்டேன். சூப் கொடுக்கும்போது, "மே மாசம் கிளப்ல சுடுற நாளு வருதே, போகணும்னு இருக்கா?" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். "கிளப்பா? எனக்கு அங்க என்ன வேலை? இருமுற சத்தத்துல அவனவன் குறி தப்பும்" என்று சிரித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளப் இல்லை, அண்ணா. வேறெதுவும் இருக்க முடியாது. அந்த முகமும் கொட்டகையில் பார்த்த முகமும் ஒன்றுதான். இன்னொரு தடவையும் அப்படியே செய்து அனுப்பு. மே போய்விட்டால் வெயில் வரும், வெயில் வந்தால் மனசு மாறும்.

எங்கள் இரண்டு பேரையும் நீதான் காப்பாற்றுகிறாய்.

தெக்லா


ப்யூட்
9 ஜூன் 1958

காஸ்பருக்கு,

இந்தக் கடிதத்தைப் பென்னோ தபாலில் போடுவான். கீழே தெக்லாவுக்கு இடம் இல்லை. இதுவரை நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அவள் படித்துத்தான் மூடினாள். அதனால்தான் என்னால் எதையும் எழுத முடியவில்லை. அது இப்போது உனக்கும் தெரியட்டும்.

உன் இரண்டாவது கூடு மே நடுவில் வந்தது. முதல் கூட்டை உனக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் பென்னோவின் மைக்ரோமீட்டரை வாங்கி அளந்து வைத்திருந்தேன். இரண்டாவதையும் அளந்தேன். ஒரே அளவு. அதே தோள், அதே மயிரிழை. தவறுகிற கை இரண்டாவது தடவை வேறு மாதிரி தவறும். கூடினால் கூடும், குறைந்தால் குறையும். இப்படி அச்சடித்தாற்போல் தவறு செய்ய உன் ஒருத்தனால்தான் முடியும், அதுவும் தவறே செய்யாதபோது. அளந்து முடித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. பித்தளைக்காரன், துருப் பிடித்த டை, ஓஹையோக்காரன், எல்லாமே. என்னைச் சுற்றி இருந்த இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காலையைப் பற்றித் தெக்லா உனக்கு எழுதியிருப்பாள். பொய் சொல்ல மாட்டேன். அவள் பயந்தது அன்றைக்கு என் மனசில் இருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட மூச்சு வாங்குகிறது, இதற்கு மேல் எதற்கு என்று இருந்தது. ஆனால் அவள் வந்து கூப்பிடுவதற்கு முன்னாலேயே அது போய்விட்டது. அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். நீ செய்தது. எவ்வளவு வழவழப்பு! இதை வைத்து இன்னும் ஒரு நாள் சுடாமல் போவதா என்று தோன்றியது. மேஜையில் வைத்துவிட்டேன். மே ஞாயிறு வரைக்கும் இருந்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவள் பார்த்தது அப்படி முடிவு செய்த முகத்தைத்தான், காஸ்பர்.

பென்னோவோடு எல்லாம் பேசி வைத்திருந்தேன். தெக்லா கோயிலுக்குப் போனதும் அவன் லாரியைக் கொண்டுவருவான். வண்டிக்குள் மெத்தை, போர்வை, கிளப்பில் கணப்புப் பக்கத்தில் நாற்காலி. நான் உட்கார்ந்தபடியே சுடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு கூடு, பத்துக் குண்டு, அவ்வளவுதான். தெக்லாவிடம் சொல்லியிருந்தால் கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டிருப்பாள். அவளே கேட்டபோதும் சிரித்துச் சமாளித்தேன். அவளை ஏமாற்றிவிட்டுப் போய், பன்றித் தொடையோடு வந்து நிற்க வேண்டும், அவள் கத்த வேண்டும் என்று ஆசை. சின்னப் பிள்ளை ஆசை. பனிக்காலம் முழுக்க அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சை இழுத்தேன்.

ஞாயிறு வந்தது. பென்னோ வந்து, "எழுந்திரு மாமா, வெயில் அடிக்குது, இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றான். "என் கூடு சேரல பென்னோ, நீ போ" என்றேன். "என்னுதை வாங்கிக்க" என்று அவன் துப்பாக்கியை நீட்டினான். நல்ல பையன். அவன் துப்பாக்கியில் நான் என்ன செய்ய? ஜன்னல் வழியாக லாரி போவதைப் பார்த்தேன். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் சுடுகிற சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்டது.

ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே நீ. நேராக, "எமில், எதுக்குடா?" என்று.

எமில்


யார்க்
16 ஜூன் 1958

என் எமிலுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

நீ எழுதியது எல்லாமே சரி. கேட்டிருக்க வேண்டும். நீ என்ன பதில் சொல்வாயோ என்று பயந்தேன். உன்னை இழந்துவிடக் கூடாது என்று ஒன்றைத்தான் நினைத்தேன். தெக்லா மேல் கோபப்படாதே, மயிரிழையைத் தள்ளி வைத்தது என் கை.

இதோடு கூடு வருகிறது. பூப்போல் மூடும். உன் கந்தக அச்சோடு வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். டைகளையும் அனுப்பியிருக்கிறேன், இனிமேல் யாரையும் நீ கேட்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் கிளப்பில் இன்னொரு சுடும் நாள் இருக்கிறது. நான் ரயிலேறி வருகிறேன். உன்னை நானே தூக்கிக்கொண்டு போய் உட்காரவைக்கிறேன். பக்கத்தில் நின்று கேப் மாற்றித் தருகிறேன். முட்டி போனால் போகட்டும். எமில், உன் வாயார என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. கிழவா என்று எழுது. எதையாவது எழுது.

காஸ்பர்


ப்யூட்
17 ஆகஸ்ட் 1958

அன்புள்ள அண்ணா,

நீ தந்தி அடித்தும் நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பெட்டி ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டது. அவர் பிரிக்கவில்லை. உன் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "படி. இதுல உனக்கும் இடம் இருக்கு" என்றார். அப்படித்தான் எல்லாம் எனக்குத் தெரிந்தது. பென்னோவைக் கூப்பிட்டு மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன். லாரி, மெத்தை, கணப்புப் பக்கத்து நாற்காலி. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டியிட்டு, மே முடிந்தது, ஆண்டவரே, என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், அண்ணா.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடு, விடு" என்று தலையைத் தடவினார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்தால் சாப்பிடுகிறார். மருந்து நீட்டினால் குடிக்கிறார். எழுப்பி உட்காரவைத்தால் உட்காருகிறார். எதையும் கேட்பதில்லை. ஜன்னலோரம் வேண்டாமாம். சீட்டு வேண்டாமாம். பென்னோ வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். போன மாதம் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார். முன்பெல்லாம் அதற்கு ஒரு வாரம் கிண்டல் செய்வார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சு வசந்தத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது, மோசமாகவில்லை என்கிறார்.

நேற்று நானே பெட்டியைப் பிரித்தேன். சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கையில் எடுக்கிறேன், இவ்வளவு கனமா இது? அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் லீவரைக் கீழே இழுத்து, கூட்டை உள்ளே தள்ளி, மூடினேன். சத்தமே இல்லாமல் மூடியது. கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இங்க பாருங்க, சரியா சேர்ந்துடுச்சு. செப்டம்பர்ல போகலாம். அண்ணனும் வருது. நானே போர்வை போத்திக் கூட்டிட்டுப் போறேன். நீங்க சுடுங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "யாருக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தாங்க. உங்க மாமியாரு தோட்டா" என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று.

சுவரைப் பார்த்தபடியே, "காஸ்பரை வர வேணாம்னு எழுது. முட்டிவலியோட அவ்ளோ தூரம் எதுக்கு அலையணும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கூட்டைக் கழற்றாமல் துப்பாக்கியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஈயமும் வெடிமருந்தும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கின்றன. எனக்கு இப்போது பயமே இல்லை, அண்ணா. சாவதற்கும் ஏதாவது ஒன்று வேண்டும் என்று மனசில் இருக்க வேண்டும். அவருக்கு எதுவும் வேண்டாம்.

அவர் எப்படி இருக்கிறார் என்று தந்தியில் கேட்டிருந்தாய். உயிரோடு இருக்கிறார். உன்னிடம் நான் கேட்டது அது ஒன்றுதானே.

உன் தங்கை,
தெக்லா